மூன்று நாற்பத்தொன்பது

பிப்ரவரி 8

பதினான்கு சீஸ் வட்டுகளைப் புரட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு! போன வருஷம் இதே கிடங்கில் நூற்றியிருபதைப் பாட்டுப் பாடிக்கொண்டே புரட்டிப்போட்டவள் நான். எகிதியோ மேஸ்திரி பார்த்துவிட்டு, "போய் லேபிள் ஒட்டும்மா நிவெஸ்" என்றார். அந்த 'ம்மா'தான் தாங்க முடியவில்லை. இருபது வருஷமாக என்னை "ஏய் கழுதை" என்று கூப்பிட்ட மனுஷன்.

அக்டோபரில் வந்த காய்ச்சல் இறங்கி இதயத் தசையில் உட்கார்ந்துகொண்டது. ஆறு மாதம் ஓடக்கூடாது, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடக்கூடாது என்று டாக்டர் கிளேவா சொல்லியிருக்கிறார். பஸ் ஓட்டுவதே என் புருஷன் லோரிஸ்தான், நிறுத்துவான் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்பத்தொன்பது வயதில் சொந்த இதயமே முதுகில் குத்தும் என்று நினைக்கவில்லை. சிகரெட் இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை, குடி அளவோடு. பதினோரு வருஷம் மலை மலையாக ஓடி அதைக் கவனித்துக்கொண்டேன். நன்றி கெட்டது.

பிப்ரவரி 19

தபாலாபீஸ் வரை நடை. திரும்பும்போது பாதிரியார் என்னை முந்திக்கொண்டு போனார். அவருக்கு எண்பத்தொன்று.

மார்ச் 12

லோரிஸ் இன்று என் கைக்கடிகாரத்தைப் பிடுங்கி அவன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டான். நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம் அது. ஒத்துக்கொள்கிறேன், எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருந்தது. சூப் கலக்கும்போது பார்ப்பேன், பல் தேய்க்கும்போது பார்ப்பேன். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே குனிந்து பார்ப்பேன். தொண்ணூற்றாறு. ஏன் தொண்ணூற்றாறு? சும்மா நாற்காலியில்தானே இருக்கேன்?

"இனிமே உனக்கு எதுக்கு கடிகாரம்? நான்தான் உன் கடிகாரம்," என்றான். "நேரம் என்னன்னு என்னைக் கேளு. நெஞ்சு எப்படியிருக்குன்னு உன் நெஞ்சைக் கேளு."

நம்பினேன். நம்பாமல்? இந்தப் பள்ளத்தாக்கில் லோரிஸின் பஸ்ஸைப் பார்த்துத்தான் ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். எங்கள் கல்யாணத்துக்கு நான் ஆறு நிமிடம் தாமதமாக வந்ததை இன்னும் சொல்லிக்காட்டுகிறவன் அவன்.

பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக இன்று நிம்மதியாகத் தூங்கப்போகிறேன்.

ஏப்ரல் 26

தகுதி!

சைக்கிளில் ஏற்றி, நெஞ்சில் பத்து ஒயர் ஒட்டி, நாக்குத் தள்ளுகிற வரை மிதிக்கவிட்டார்கள். டாக்டர் கிளேவா அந்த நீளக் காகிதத்தை இரண்டு முறை மேலும் கீழும் படித்தார். பிறகு கையெழுத்து போட்டார், முத்திரை குத்தினார். அந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்த நாட்டில் எந்தப் போட்டியிலும் எண் அட்டை தரமாட்டார்கள். நான் அழுதேன். அவர் காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்து, "ஐந்து கணவாய் ஓட்டத்துக்கா போறீங்க?" என்றார். "ஆமாம்." "மெதுவா போங்க. ஆனா போங்க."

ஆனா போங்க. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

லோரிஸ் சான்றிதழைப் படித்தான். மடித்தான். "நல்லது" என்றான். பிறகு கேட்டான்: "இந்த டாக்டருக்கு எத்தனை வயசிருக்கும்?"

மே 21

முப்பத்திரண்டு கிலோமீட்டர், இரண்டு ஏற்றம். கூட ஓடும் தோழி தோரினாவும் நானும். அவள் முழங்கால் வீங்கிவிட்டது, இந்த வருஷம் ஓட மாட்டாள். சோர்தா கிராமத்துச் சாவடியில் உட்கார்ந்து வருகிறவர்கள் நேரத்தைக் குறிக்கும் வேலையை வாங்கியிருக்கிறாள்.

"நீ வரும்போது நான் உனக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன்டி."

"நாற்காலி போட்டா உட்கார்ந்துடுவேன். உதைக்கிறதுக்குக் கால தயாரா வை."

அக்டோபரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நான் பாதையில் உட்கார்ந்தபோது என்னை முதுகில் தூக்கிக்கொண்டு சாலை வரை இறங்கியவள் அவள்தான். அவளும் லோரிஸும் இல்லாவிட்டால் இந்த வருஷத்தை நான் கடந்திருக்க மாட்டேன். எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடுவேன்.

ஜூன் 18

இறக்கத்தில் விழுந்தேன். முட்டியில் தோல் போனது. சந்தோஷமாக இருக்கிறது. சாதாரண ஓட்டக்காரிக்கு வருகிற காயம்.

ஜூலை 15

நாளை. அறுபத்தெட்டு கிலோமீட்டர், காலை ஐந்துக்குத் தொடக்கம். எனக்கு ஒரே கணக்குதான்: ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டர், சோர்தா, மாலை நான்கு மணி. அதற்குள் போய்ச் சேராவிட்டால் கதவு மூடிவிடும், எண் அட்டையை வாங்கிக்கொள்வார்கள். சேர்ந்துவிட்டால் மிச்சம் ஒரே கணவாய், ஊர்ந்தாவது முடித்துவிடுவேன்.

நான் ஜெயிக்கப் போகவில்லை. கடைசியாக வந்தால் போதும். என் உடம்பு இன்னும் என்னுடையதுதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

லோரிஸ் பார்லி சூப்பை ஃபிளாஸ்க்கில் ஊற்றிப் பார்த்து, கொட்டி, மறுபடி ஊற்றிப் பார்க்கிறான். அவன் எனக்கு மேல் பயந்திருக்கிறான்.

ஜூலை 17

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதல் மூன்று கணவாயும் நன்றாகப் போயின. நாலாவதில் மூடுபனி. முன்னால் ஐந்து அடி தெரியவில்லை. வெயில் இல்லாததால் நேரம் என்ன என்று ஊகிக்கவும் முடியவில்லை. செல்போன் பையின் அடியில், அணைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றியது. நின்று அதை எடுக்க நேரமா இருக்கிறது? இறக்கத்தில் விழுந்தடித்து ஓடினேன். ஓடையின் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. நெஞ்சு ஒழுங்காக அடித்தது. தொடைதான் எரிந்தது.

சோர்தா பாலம். நடுவில் விரித்திருந்த, நேரம் பதிகிற பாயை மிதித்தேன், பீப் என்றது. பாலத்தைத் தாண்டி, சின்னக் கோயில் பக்கத்தில் லோரிஸ் நின்றுகொண்டிருந்தான். சாவடிக்கு இன்னும் நூறு அடி. ஃபிளாஸ்க் கையில் இல்லை. கம்பளி வைத்திருந்தான்.

"முடிஞ்சுடுச்சும்மா."

"என்ன முடிஞ்சுது?"

"மூடிட்டாங்க. இப்பத்தான். ரெண்டு நிமிஷம் இருக்கும்."

நான் கல்லில் உட்கார்ந்தேன். அப்புறம் எல்லாம் அவனே செய்தான். கம்பளியைப் போர்த்தினான். எண் அட்டையின் ஊசிகளைக் கழற்றி, "நான் கொடுத்துட்டு வரேன், நீ எழுந்திருக்காதே" என்று போனான். தூரத்தில் சாவடிக் கூடாரத்துக்குள் தோரினா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. பாவம், என் முகத்தைப் பார்க்க முடியவில்லை போல என்று நினைத்தேன்.

என்னைத் தாண்டி இரண்டு பேர் சாவடிப் பக்கம் ஓடினார்கள், ஒரு மொட்டைத் தலைக்காரரும் மஞ்சள் சட்டைப் பெண்ணும். "அவங்களையும் நிறுத்திடுவாங்க" என்றான் லோரிஸ், திரும்பி வந்து.

ஷூ கயிற்றை அவன் அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது மாதாகோயில் மணி அடித்தது. எண்ணினேன். நான்கு. எங்கள் ஊரில் மணி ஒரு முறை அடித்துவிட்டு, எண்ணத் தவறியவர்களுக்காக இரண்டு நிமிடம் கழித்து அதையே மறுபடி அடிக்கும். முதல் தடவை ஓடை இரைச்சலில் போயிருக்கும், இது இரண்டாம் தடவை. ஆக, இரண்டு நிமிடம்தான். லோரிஸ் சொன்னது சரியாக இருந்தது.

இரண்டு நிமிடம். சிறுநீர் கழிக்க நான்காம் கணவாயில் உட்கார்ந்தேனே, அது இரண்டு நிமிடம் இருக்கும். பாழாய்ப்போன காபி.

ஜூலை 18

கிடங்கில் எல்லோரும் தோளைத் தட்டுகிறார்கள். "உடம்புதான் முக்கியம்." ஆமாம் ஆமாம். லோரிஸ் இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு மொறுமொறுவென்று சுட்டுக் கொடுத்தான். வழக்கத்தைவிட அன்பாக இருக்கிறான். வாயில் போட்டது இறங்கவில்லை.

ஜூலை 21

முடிவுப் பட்டியல் வந்துவிட்டது. பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

என் பெயருக்கு நேரே: சோர்தா பாலம், 15.49.

பதினைந்து நாற்பத்தொன்பது. நான்குக்குப் பதினோரு நிமிடம் முன்னால். பக்கத்தில் "நேரம் தவறியவர்" என்று இல்லை. "விலகிக்கொண்டார்" என்று இருக்கிறது.

யார் விலகினது? நான் எப்போ விலகினேன்?

கீழே இன்னும் இரண்டு பெயர்கள். 15.52. 15.53. இரண்டு பேரும் ஓட்டத்தை முடித்திருக்கிறார்கள். புகைப்படமும் இருக்கிறது, அதே மொட்டைத் தலை, அதே மஞ்சள் சட்டை, கையில் பீர். என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

லோரிஸிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். "மெஷின் தப்பும்மா. பனியில அதுங்க அப்படித்தான்." பிறகு சொன்னான்: "நீயே கேட்டியே, ரெண்டாவது மணி? எங்கிட்ட சொன்னியே வண்டியில?"

சொன்னேன்தான். கேட்டேன்தான். அப்படியானால் மெஷின் தப்புதான். அப்படித்தான் இருக்கணும். லோரிஸ் போய் நேரத்தைத் தப்பாச் சொல்வானா?

ஜூலை 22

காரை எடுத்துக்கொண்டு சோர்தா போனேன். அவன் வேலையில் இருந்தான். அதே கோயில், அதே கல். போனதும் கைபேசியை மடியில் வைத்து உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. இருபத்துநாலு வருஷம் கூட வாழ்ந்தவனைச் சோதிக்க ஒரு கல்லில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான்கு மணி. அடித்தது, நான்கு.

காத்திருந்தேன். ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. ஐந்து. ஓடைச் சத்தம்தான். எதிர்வீட்டில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன், "மறுபடி அடிக்காதா?"

"எதுக்கு மறுபடி? எங்களுக்கெல்லாம் ஒரு தடவையிலேயே காது கேக்கும்," என்றாள்.

திரும்பி வரும் வழியில் காரை ஓரங்கட்டி நிறுத்தினேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. வியாதி இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும். அந்தக் கல்லில் உட்கார்ந்து நான் அழுதேனே, அந்த நேரம் முழுக்கக் கதவு திறந்துதான் இருந்தது. நூறு அடி. நடந்தே போயிருப்பேன். நொண்டியே போயிருப்பேன்.

ஜூலை 23

நான் கேட்ட உடனே ஒத்துக்கொண்டான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். கை துடைக்கிற துணியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"பாலத்துல நீ வரும்போது உன் மூஞ்சி சாம்பலா இருந்துச்சு."

"ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினா ரோஜாப்பூ மாதிரியா இருக்கும்?"

"ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒன்பது நாள் உட்கார்ந்தது நான். நீ இல்ல. நீ தூங்கிட்டிருந்தே."

"டாக்டர் போகச் சொன்னாங்க. நீ யாருடா என்னை நிறுத்த? மூஞ்சி சரியில்ல, நின்னுடுன்னு சொல்லியிருக்கலாம்ல? எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? மணிய ஏன் மாத்துன?"

"சொல்லியிருந்தா நின்னிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

அதான் என்கிறான்! எவ்வளவு சுலபமாக வருகிறது அவனுக்கு. அவன் பயத்தை அவன் சுமக்க முடியாமல் என் தலையில் போட்டுவிட்டு, ஒரு வாரமாக நான் என் கால்களைத் திட்டிக்கொண்டிருப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறான். உருளைக்கிழங்கு சுட்டுக் கொடுத்தபடி! காபியைக்கூடத் திட்டினேன். அந்த இரண்டு நிமிடத்துக்காக ஏழு நாள் என்னை நானே தின்றேன். அவன் பார்த்துக்கொண்டு இருந்தான்.

வேறொருத்தியோடு படுத்திருந்தால்கூட எனக்கு என்ன சொல்லித் திட்டுவது என்று தெரிந்திருக்கும்.

ஜூலை 24

பேசவில்லை.

ஜூலை 27

தோரினா வீட்டு வாசலில் நின்றே கேட்டேன். உள்ளே போகவில்லை.

"உனக்கு மணி தெரியும். உன் கையில்தான் கடிகாரம் இருந்துச்சு."

"தெரியும்."

"அப்புறம் எப்படிடி 'விலகினாள்'னு எழுதினே?"

"அட்டையக் கொண்டுவந்து நீட்டினான். எழுதிடு, எழுதிடுன்னு கெஞ்சினான், நிவெஸ். நான் என்ன பண்ணட்டும்? உன்னைக் கூப்பிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் அக்டோபர்ல என் முதுகுல கிடந்தியே, அந்த ஞாபகம் வந்துடுச்சு. நீ மூச்சு விடறியான்னு நூறு தடவை நின்னு நின்னு பார்த்தேன்டி அன்னிக்கு. எழுதிட்டேன்."

"என் பேருக்கு நேரா."

"உன் பேருக்கு நேரா."

அவள் அழுதாள். நான் அழவில்லை. ஒரு தடவை தூக்கிச் சுமந்தால் அந்த உடம்பு அவளுக்குச் சொந்தமாகிவிடுமா? இரண்டு பேரும் என்னை நேசிக்கிறார்கள், தெரியும். அதைச் சொல்லிச் சொல்லியே என் வாயை அடைக்கிறார்கள். எதிரியாக இருந்தால் நியாயம் கேட்கலாம்.

ஆகஸ்ட் 3

மேஸ்திரி எகிதியோவுக்குத் தெரிந்திருக்கிறது. பேக்கரிக்காரிக்கும் தெரிந்திருக்கிறது. "நல்லதுக்குத்தானே பண்ணாங்க" என்று ரொட்டியோடு சேர்த்துக் கொடுக்கிறாள். ஊர் முழுக்க எனக்கு நல்லது பண்ணியிருக்கிறது, என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்து.

ஆகஸ்ட் 9

மேஜை டிராயரை உடைத்து என் கடிகாரத்தை எடுத்தேன். சாவி எங்கே என்று கேட்க மனசில்லை. ஸ்க்ரூடிரைவர் போதும். உயிர் போயிருந்தது, சார்ஜில் போட்டிருக்கிறேன்.

இன்று பதினெட்டு கிலோமீட்டர், தனியாக. ஏற்றத்தில் நூற்று நாற்பத்தொன்று. நல்ல எண்.

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். எல்லா வருஷமும்போல் ஓடைக்கரையில் கோழி சுட்டோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும். மூன்று வாரத்துக்குப் பிறகு அவன் ஒழுங்காகப் பேசினான். பேச்சைத் தயார் செய்து வந்திருந்தான், கைவிரலில் எண்ணினான்.

"நான் பண்ணது அசிங்கம். பயந்துட்டேன். இனிமே செத்தாலும் பண்ணமாட்டேன். எல்லை தாண்டி அந்தப்புறம் ஸ்லோவேனியாவுல ஒரு ஓட்டத்துக்கு நீ பேர் கொடுத்திருக்கியாம், உன் தங்கச்சி மிரெல்லா சொன்னா. என்னையும் கூட்டிட்டுப் போ. ஒவ்வொரு சாவடியிலும் நிக்கறேன். நீ எப்படி வந்தாலும் சரி, ஊர்ந்து வந்தாலும் சரி, உள்ளதை உள்ளபடி சொல்றேன். ஒரு வாய்ப்பு கொடு."

கண்ணில் தண்ணீர் நின்றது. நாடகம் இல்லை, அவனுக்கு நடிக்க வராது. என்னைக் கவிழ்த்ததுகூட நடிப்பில்லையே, நிஜமான பயம்.

"சரி," என்றேன்.

"எப்போ?"

செப்டம்பர் பத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பதினேழு" என்று வந்தது.

ஏன்? யோசித்து வைக்கவில்லை. சத்தியமாக யோசித்து வைக்கவில்லை. திருத்தியிருக்கலாம், அடுத்த நொடியே திருத்தியிருக்கலாம். கோழியைத் திருப்பிப் போட்டேன்.

ஆகஸ்ட் 28

இன்னும் திருத்தவில்லை. மிரெல்லாவிடம் சொல்லி வைத்துவிட்டேன், பத்தாம் தேதி வருகிற வார இறுதியில் அவள் வீட்டில் இருப்பேன் என்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் என் மேல் அன்பு அதிகம்.

செப்டம்பர் 9

மிரெல்லா வீடு. பையைக் கட்டிவிட்டேன். லோரிஸ் போனில், "நல்லா ரெஸ்ட் எடு, அடுத்த வாரம் கால் வேணும்" என்றான். எடுக்கிறேன் என்றேன்.

பொய் சொன்னால் அடுத்த நிமிடமே உளறிவிடுவேன் நான், சின்ன வயதிலிருந்தே. இன்று உளறவில்லை.

செப்டம்பர் 10

முடித்தேன்.

அறுபத்துநான்கு கிலோமீட்டர், பதின்மூன்று மணி நேரம் இருபத்தொரு நிமிடம். கடைசியிலிருந்து நாலாவது. கடைசிச் சாவடியில் கதவு மூட ஒன்பது நிமிடம் இருந்தது. என் கடிகாரத்தில் பார்த்தேன், சாவடிக் கடிகாரத்தில் பார்த்தேன், அப்புறமும் நம்பாமல் ஒரு தாடிக்காரரிடம் கையைக் காட்டிக் கேட்டேன். "போ போ" என்று முதுகைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

நெஞ்சு ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அது என்னுடையதுதான். எல்லாம் என்னுடையதுதான்.

முடிவுக் கோட்டைத் தாண்டினதும் ஒரு பெண் சூப் கொடுத்தாள், மெடலைக் கழுத்தில் போட்டாள். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை. ரொம்ப நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுற்றி எல்லோரும் யாரையாவது கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமா? சந்தோஷம்தான். ஆனால் யாரையாவது பிடித்துத் திட்டவேண்டும்போல் இருந்தது. லோரிஸைத்தான். அவன் இங்கே நின்றிருக்கணும். நான்தான் அவனை வரவிடவில்லை, தெரியும். ஆனாலும் அவன் நின்றிருக்கணும்.

செப்டம்பர் 13

மெடல் கிடங்கில், என் அலமாரியில், ரப்பர் பூட்ஸுக்குள் இருக்கிறது. தொடை வலியில் மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்க முடிகிறது. சீஸ் ரேக்கில் இடித்துக்கொண்டேன் என்று லோரிஸிடம் சொல்லியிருக்கிறேன். தைலம் தேய்த்துவிட்டான்.

சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது சமையலறைச் சுவரில் கடிகாரம் இல்லை. லோரிஸ் மேஜையில் அதைக் கவிழ்த்துப்போட்டுப் புது பேட்டரி போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் தடிமனான கயிறு. ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சாவடியிலும் நிற்கப்போகிறானாம், நான் தூரத்தில் வரும்போதே தெரிகிற மாதிரி. "என்னைக் கேக்கவே வேண்டாம். நீயே பார்த்துக்கோ," என்றான். மாட்டியும் காட்டினான். அவ்வளவு பெரிய வெள்ளை வட்டம், அவன் தொப்பைக்கு மேலே.

இப்போது சொல்லிவிடு, நிவெஸ். இப்போது.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றான்.

"நாலரை."

பென்சிலை எடுத்து நாட்காட்டியில் பதினேழின் கட்டத்துக்குள் நாலரை என்று எழுதினான். தேதி சரிதானா என்று அவன் எங்கேயும் போய்ப் பார்க்கவில்லை. நான் சொன்னதே போதும் அவனுக்கு.